டப்பா புதுசு, ஸ்பீடு பழசு!

சொந்த ரௌட்டர் வாங்கிய பிறகும் நெட் ஏன் இழுக்கிறது? அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளை வைத்து ஓர் அலசல்.

94.

மாதாமாதம் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள். கேபிள்காரர் வைத்துவிட்டுப் போன டப்பா போதவில்லை என்று காந்திபுரம் வரை போய், ஆறு கொம்பு முளைத்த ரௌட்டர் ஒன்றை வாங்கிவந்து மாட்டுகிறீர்கள். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94. விடிகாலையில் போட்டாலும் 94, ராத்திரி சீரியல் நேரத்தில் போட்டாலும் 94. சில சமயம் 93, சில சமயம் 95. அதற்கு மேல் ஓர் அடி நகராது.

இப்படி ஒரே எண்ணில் முளையடித்து நின்றால் சந்தோஷப்படலாம். இணையத்தில் வேறு எந்தக் கோளாறும் இத்தனை ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. ஊரே நெட் பார்க்கிற நேரத்து நெரிசல் என்றால் வேகம் மாலையில் விழுந்து நள்ளிரவில் எழும். வைஃபை கோளாறு என்றால் அறைக்கு அறை மாறும். எந்நேரமும் 94 என்றால் சந்தேகப்பட வேண்டியது வயரையும் அது செருகியிருக்கும் ஓட்டையையும்தான்.

லேன் கேபிளுக்குள் எட்டு இழைகள். இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். 1000 எம்பிபிஎஸ், அதாவது கிகாபிட் வேகத்துக்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து எட்டு இழையும் உயிரோடு இருக்க வேண்டும். ஒரே ஒரு பழுப்பு இழை கிளிப்புக்குள் சரியாகக் கடிபடாமல் போனால்கூட, இரு முனையிலும் உள்ள பெட்டிகள் தமக்குள் பேசிக்கொண்டு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. விளக்கு எரியும், நெட் ஓடும். அந்த நூறிலும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மேலும் ஒட்டியிருக்கும் முகவரிச் சுமையைக் கழித்தால் கையில் கிடைப்பது 94, 95. புது வயர் ஒன்றை மாற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். வாங்கும்போது முழுத் தாமிரக் கேபிளா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரப் பூச்சு பூசிய கேபிளும் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும். நாலு முறை மடக்கினால் உள்ளே ஒடிந்துவிடும்.

வயர் நன்றாக இருந்தும் 94 என்றால் ரௌட்டரைத் திருப்பிப் பாருங்கள். மலிவு விலை ரௌட்டர்கள் பலவற்றின் அட்டைப் பெட்டியில் ‘1200’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது இரண்டு அலைவரிசைகளின் வைஃபை வேகத்தை, 300ஐயும் 867ஐயும், கூட்டி முழுமையாக்கிய விளம்பரக் கணக்கு. பின்பக்கத்துப் போர்ட்டுகளோ 100தான். காற்றில் 867க்கு ஆயத்தமாக நிற்கும் ரௌட்டருக்குள் நெட் நுழைவதே நூறில். கேபிள்காரர் தந்த பெட்டியிலும் இதே கதை நடக்கும். அதன் சரியான பெயர் ஓஎன்டி. ஊரில் எல்லோருக்கும் அது ‘மோடம்’. அதில் சில மாடல்களில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100. வயரைப் பிடுங்கி அடுத்த ஓட்டையில் செருகிப் பார்க்கச் செலவு ஒன்றுமில்லை.

சாளை வரை வரும் வெளிச்சம்

கோவையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, சத்தி ரோட்டில், அவிநாசி–மேட்டுப்பாளையம் சாலை குறுக்கிடும் இடத்தில் இருக்கிறது அன்னூர். சரவணம்பட்டி, கீரணத்தம் ஐடி வளாகங்களும் இதே சத்தி ரோட்டுப் பக்கம்தான். 2020இல் வீட்டுக்கு வந்த ஐடி வேலை முழுசாகத் திரும்பிப் போகவில்லை. பொகலூர், பசூர், வடக்கலூர், கஞ்சப்பள்ளி என்று சுற்றுவட்டாரத்தில் தோட்டத்து வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அமெரிக்கக் கம்பெனியோடு பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கொங்கு வீடுகளின் அமைப்பே வேறு. ஆளுக்கொரு தோட்டம், தோட்டத்துக்குள் சாளை எனப்படும் வீடு, அடுத்த சாளை கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். 2005இல் பிஎஸ்என்எல் ‘டேட்டாஒன்’ கொண்டுவந்த காலத்தில் நெட் தொலைபேசியின் தாமிரக் கம்பி வழியே வந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளிப்போகப் போக வேகம் தேய்ந்தது. அன்றைக்கு அரசு வகுத்த ‘பிராட்பேண்ட்’ இலக்கணமே 256 கேபிபிஎஸ்தான். அந்த அளவு 2 எம்பிபிஎஸ் ஆனது 2023 ஜனவரியில். இன்று கண்ணாடி இழை வழியே வெளிச்சமாக வருகிற நெட்டுக்கு நாலைந்து கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் அந்த இழை உங்களுக்கு மட்டும் வருவதல்ல. ஜிபான் முறையில் ஒரு இழையில் இறங்கும் 2.5 கிகாபிட்டை ஸ்பிளிட்டர் வைத்து 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிக்கிறார்கள். உள்ளூர்க் கேபிள் ஆபரேட்டர்களிடம் அதிகம் காணப்படும் ஈபான் முறையில் மொத்தமே ஏறக்குறைய ஒரு கிகாபிட். எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. தப்பில்லை, உலகமெங்கும் அப்படித்தான். ஆபரேட்டர் மேலிருந்து வாங்கி வைத்திருக்கும் மொத்த அளவு போதாமல் போகும்போதுதான் ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை வட்டம் சுற்றுகிறது. அதை உங்கள் வீட்டு ரௌட்டர் எதுவும் சரிசெய்யாது. முப்பதாயிரம் ரூபாய் ரௌட்டரும் செய்யாது.

இழையில் வரும் வெளிச்சத்துக்கு அளவு உண்டு. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆர்எக்ஸ் பவர்’ என்ற இடத்தில் மைனஸ் எண்ணாக டிபிஎம்மில் காட்டும். மைனஸ் 15க்கும் 25க்கும் நடுவில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27ஐத் தொட்டால் விளிம்பு. மூன்று டெசிபல் குறைந்தால் வெளிச்சம் பாதியாகிறது என்று பொருள். வெளிச்சம் குறையக் குறைய வேகமும் படிப்படியாகக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி நடப்பதில்லை. விளிம்பு வரை வேகம் குறையாது. அதைத் தாண்டினால் பிழைகள் குவியும், லைன் விட்டுவிட்டு அறுபடும், கடைசியில் சிவப்பு ‘லாஸ்’ விளக்கு எரியும்.

தோட்டத்துக்குள் வரும் டிராப் கேபிள் ஈபி கம்பத்திலும் தென்னையிலும் தொங்கி வருகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசுகிற காற்று அதைச் சும்மா விடாது. அணில் கடிக்கும். இழுத்துக் கட்டுகிறேன் என்று யாராவது சுவர் முனையில் சட்டென்று மடக்கி ஆணி அடித்திருப்பார்கள். கண்ணாடி இழையைக் கூர்மையாக மடக்கினால் வெளிச்சம் வெளியே கசியும். பச்சை மூடி கனெக்டரை நீல மூடியோடு இணைப்பது இன்னொரு தவறு. பச்சையின் முனை எட்டு டிகிரி சாய்வாகச் சீவப்பட்டது, நீலம் நேரானது. இரண்டும் முகத்தோடு முகம் பொருந்தாது. ஜேசிபி பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தோண்டுவதற்கு முன் கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போக வேண்டும் என்று 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியையே அறிமுகப்படுத்தியது.

பச்சை லைட்டு எரியுதுங்களா?

நெட் இழுக்கிறது என்று கேபிள்காரருக்குப் போன் போட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“ஏனுங்ண்ணா, நெட்டு சுத்திட்டே இருக்குதுங்க.”

“நம்ம மோடத்துல பச்சை லைட்டு எரியுதுங்களா?”

“எரியுதுங்க.”

“அப்பன்னா எங்க சைடு கிளியருங்க. நீங்க தனியா ரௌட்டரு போட்டிருக்கீங்கல்ல, அதைப் பாருங்க.”

ரௌட்டர் விற்ற கடைக்குப் போனால் “லைன்ல ஸ்பீடு வந்தாத்தானுங்க ரௌட்டர்ல வரும்” என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பச்சை விளக்கு, வெளிச்சம் வருகிறது என்று மட்டுமே சொல்கிறது; எவ்வளவு வேகம் என்று சொல்வதில்லை. நிறுவனம் கொடுத்த டப்பாவையே வைத்திருந்தால் கடைசி வரை அவர்கள் பொறுப்பு. சொந்த ரௌட்டர் வந்ததும் எல்லைக்கல் மோடத்தின் லேன் போர்ட்டுக்கு நகர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் அளந்து பார்க்காதவரை வழக்கு தீராது.

அளப்பது எளிது. ரௌட்டரைக் கழற்றி வையுங்கள். மோடத்தின் கிகாபிட் போர்ட்டிலிருந்து நல்ல வயர் ஒன்றை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். இப்போது வருகிற மெல்லிய லேப்டாப்புகளில் லேன் ஓட்டை இருக்காது. யுஎஸ்பி 3 லேன் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ரௌட்டருக்குக் கொடுக்கப்போகும் காசோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. வேறு எந்தக் கருவியும் நெட்டில் இல்லாதபோது டெஸ்ட் போடுங்கள். கட்டிய பணத்துக்கான வேகம் இங்கே வந்துவிட்டால் மோடத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் உங்கள் பாடு. வராவிட்டால் ரௌட்டர் நிரபராதி. டெஸ்ட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில சோதனைத் தளங்கள் பக்கத்திலேயே, சில நேரம் ஆபரேட்டரின் வலைக்குள்ளேயே இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்து அளக்கும். வீட்டு வாசலோடு அளவு முடிந்துவிடும். நெட்ஃபிளிக்ஸ் 2016இல் தொடங்கிய ஃபாஸ்ட் டாட் காம், அவர்களது வீடியோ சர்வர்களிலிருந்தே அளக்கும். இரண்டிலும் போட்டுப் பாருங்கள். முதலாவதில் 200, இரண்டாவதில் 30 என்றால் ஆபரேட்டருக்கு வெளியே போகும் பாதையைச் சந்தேகிக்கலாம். டவுன்லோட் ஆகும்போது கம்ப்யூட்டர் காட்டும் ‘எம்பி’ வேறு கணக்கு. எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். நொடிக்கு 12 எம்பி இறங்கினால் அது 100 எம்பிபிஎஸ் லைன்தான், யாரும் ஏமாற்றவில்லை.

ரௌட்டர் மாற்றியவர்கள் சிக்குவது பெரும்பாலும் இந்த எல்லையில்தான். மோடமும் ஒரு ரௌட்டராக வேலை செய்ய, அதன் பின்னால் உங்கள் ரௌட்டரும் ரௌட்டராக வேலை செய்தால் இரட்டை முகவரி மாற்றம் நடக்கும். வேகம் பெரிதாகக் குறையாது. ஆனால் ஆன்லைன் விளையாட்டும் வெளியூரிலிருந்து வீட்டுக் கேமரா பார்ப்பதும் தகராறு செய்யும். இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தால் இன்னும் குழப்பம். வயரை இன்டர்நெட் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகினால் முகவரி வழங்க இரண்டு அதிகாரிகள் ஒரே வீட்டில். சுத்தமான வழி, மோடத்தை ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றச் சொல்லி, லாகின் வேலையை உங்கள் ரௌட்டரிடம் கொடுப்பது. அதற்கு ஆபரேட்டரிடமிருந்து பிபிபிஓஇ என்ற லாகின் முறைக்கான பெயர், கடவுச்சொல், விலான் எண் மூன்றும் வேண்டும். பழைய பெட்டியின் மேக் முகவரியை அவர்கள் பதிவு செய்து பூட்டியிருந்தால் அதையும் மாற்றச் சொல்ல வேண்டும். ரௌட்டர் வாங்குவதற்கு முன்பே இதையெல்லாம் கேட்டுவிடுவது உத்தமம்.

பிபிபிஓஇயில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வழக்கமான பொட்டலத்தின் அளவு 1500 பைட். பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. ரௌட்டரில் இந்த எம்டியு அளவு தவறாக இருந்தால் ஸ்பீடு டெஸ்ட் பிரமாதமாக வரும், யூடியூப் ஓடும், ஆபீஸ் விபிஎன் மட்டும் இணைந்துவிட்டு அப்படியே உறைந்து நிற்கும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் கம்பெனி ஹெல்ப்டெஸ்க்கோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டும் பிரச்சினைகளில் இது ஒன்று. ஒரு எண்ணை மாற்றினால் முடிந்தது.

திட்டத்தை 50லிருந்து 200க்கு உயர்த்திவிட்டு வேகத்தைப் பங்கிடும் ரௌட்டரின் கியூஓஎஸ் பக்கத்தில் முன்பு எழுதிவைத்த 50ஐ மறந்துபோகிறவர்களும் உண்டு. ரௌட்டர் சொன்ன சொல் தவறாது. 50க்கு மேல் விடாது.

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் எந்த ரௌட்டரை வைப்பது என்பது வாடிக்கையாளரின் உரிமை. லாகின் விவரங்களைக் கேட்காமலே நிறுவனம் தர வேண்டும். அங்கே அதற்கு ‘ரௌட்டர் சுதந்திரம்’ என்றே பெயர். நம் பக்கம் நடைமுறையில் அது ஆபரேட்டரின் மனசைப் பொறுத்தது. ஆச்சரியம் என்னவென்றால், பெரிய நிறுவனத்தின் கால் சென்டரில் விலான் எண்ணைக் கேட்டு வாங்குவதைவிட நம்ம ஊர்க் கேபிள் அண்ணனிடம் ஒரு டீ நேரத்தில் எளிதாக வாங்கிவிடலாம்.

கொம்பு எத்தனை இருந்தால் என்ன

வயரில் 200, செல்போனில் 20 என்றால் விஷயம் காற்றில் இருக்கிறது.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைஃபைக்குப் பயன்படுத்த 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005இல் திறந்துவிடப்பட்டது; 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை விரிவாகத் திறக்கப்பட்டது 2018 அக்டோபரில். 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் குறுகல். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. அன்னூர் டவுனுக்குள் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் இந்த மூன்றுக்கும் அடிதடி. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் புகுந்துகொள்ளும். தோட்டத்துச் சாளையில் அந்தத் தொல்லை இல்லை, அங்கே சிக்கல் வேறு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். பழைய ஓட்டு வீட்டின் கனத்த சுவர் ஒன்று, ஆசாரத்து ஸ்டீல் பீரோ ஒன்று, இரண்டையும் தாண்டி அது உள்ளறைக்குப் போய்ச் சேருவது கஷ்டம்.

ரௌட்டரை வைக்கும் இடத்தைத் தீர்மானிப்பது யார் என்று யோசித்ததுண்டா? கேபிள் எந்த ஜன்னல் வழியே நுழைகிறதோ அந்த இடம். பெரும்பாலும் ஈபி மீட்டர் பக்கத்தில், இல்லையென்றால் டிவிக்குப் பின்னால், ஷோகேஸ் கண்ணாடிக்குள். வீட்டின் ஒரு மூலையில். சொந்த ரௌட்டர் வாங்கியதன் உண்மையான லாபமே இங்கேதான்: மோடம் வாசலிலேயே இருக்கட்டும், நல்ல லேன் வயர் ஒன்றை இழுத்து ரௌட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். லேன் வயருக்கு 100 மீட்டர் வரை அனுமதி உண்டு. சாளையிலிருந்து மாட்டுக்கொட்டகைக் கேமராவுக்கும் அது போதும். அந்த ஒரு வயர், எட்டுக் கொம்பு ரௌட்டரைவிட அதிகம் செய்யும். வயர் இழுக்காமல் சுவரில் செருகுகிற ரிப்பீட்டர்கள் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

காற்று பொதுச் சொத்து, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தூரத்தில் மாட்டுக்கொட்டகையில் வைத்த கேமரா பலவீனமான சிக்னலில் மெதுவாகப் பேசி முடிக்கும்வரை, ரௌட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புது போனும் காத்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு கருவி மெதுவாக இருந்தால் எல்லாமே மெதுவாகும்.

பாதுகாப்புப் பக்கத்தையும் ஒரு தரம் திறந்து பாருங்கள். பழைய ரௌட்டரின் அமைப்பை அப்படியே புதிதிலும் போட்டு, டிகேஐபி என்ற பழைய குறியாக்கத்தை விட்டுவைத்திருந்தால் வைஃபை 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 2009 முதல் வந்த வேகங்கள் எதையும் அதோடு தரக்கூடாது என்பது விதி. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள்.

கேமரா ஏற்றும்போது

வேகம் சரி, டெஸ்ட் சரி, ஆனால் மீட்டிங்கில் குரல் மட்டும் உடைகிறது. இது இறங்கும் வேகத்தின் குற்றமல்ல, ஏறும் வேகத்தின் குற்றம். தோட்டத்தில் நாலு கேமரா, ஒவ்வொன்றும் 2 முதல் 4 எம்பிபிஎஸ் வரை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். அதோடு பாப்பாவின் போன் கல்யாண வீடியோவை டிரைவில் ஏற்ற ஆரம்பித்தால் வெளியே போகும் வழி நிரம்பிவிடும். ரௌட்டர் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் நீளமான வரிசையில் சேர்த்துவைக்கும். எடைமேடை முன்னால் பஞ்சு லோடு லாரிகள் நிற்க, பின்னால் வந்த மொபெட்டும் அதே வரிசையில் நிற்பதைப் போல உங்கள் குரல் பொட்டலம் காத்துக்கிடக்கும்.

பெல் லேப்ஸ் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் 2010இல் தன் வீட்டு நெட்டைத் துருவியபோது இதைக் கண்டுபிடித்து ‘பஃபர்புளோட்’ என்று பெயர் வைத்தார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் இதற்குத் தீர்வாகக் ‘கோடெல்’ என்ற முறையை வெளியிட்டார்கள். இன்று பல ரௌட்டர்களில் ‘எஸ்க்யூஎம்’ என்ற பெயரில் அதன் வாரிசுகள் இருக்கின்றன. லைனின் உண்மையான வேகத்தில் தொண்ணூறு சதவீதத்தை அதில் எழுதிவிட்டால் வரிசை வீட்டுக்குள்ளேயே ஒழுங்காகும். டெஸ்ட் எண் கொஞ்சம் குறையும், அழைப்பு சீராகும். ரௌட்டர் வாங்கும்போது கொம்பை எண்ணுவதை விட்டு, இந்த வசதி உண்டா என்று கேட்கலாம். கடைக்காரர் விழிப்பார், பரவாயில்லை.

புகாருக்கு முன்

இத்தனையும் பார்த்து, மோடத்தில் நேராக வயர் போட்டும் வேகம் வரவில்லையென்றால் அப்புறம் நிறுவனத்தின் முறை. மாதாந்திர டேட்டா வரம்பு முடிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘அன்லிமிடெட்’ திட்டங்களுக்கும் பெரும்பாலும் ஒரு வரம்பு இருக்கும், தாண்டினால் வேகம் இறங்கும். பிறகு புகார் கொடுத்து எண் வாங்குங்கள். தீர்வு பிடிக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. அங்கே எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் நேரத்தை இழக்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தொலைத்தொடர்புப் புகார்கள் நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று நிறுவனங்கள் நெடுநாள் வாதாடிக்கொண்டிருந்தன; 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவரின் வழக்கில் 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே நாமே வாதாடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. கையில் இருக்க வேண்டியது ரசீது, புகார் எண், தேதியும் நேரமும் தெரியும்படி காலை, மாலை, ராத்திரி எடுத்த டெஸ்ட் படங்கள். எல்லாமே மோடத்திலிருந்து வயரில் எடுத்ததாக இருக்கட்டும். வைஃபையில் எடுத்த படத்தை நீட்டினால் எதிர்த்தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வி, “ரௌட்டர் யாரோடதுங்க?”